இருபத்திநாலு காலடி

விசாரணைக்கு ஆஜரானவர்கள்: கோச் மேடம், கழுத்தில் விசிலோடு. சிவில் கடைசி வருடம் படிக்கும் கேப்டன், முழங்காலில் ஐஸ் பையோடு. எலக்ட்ரிக்கல்காரி ஃபியூஸ், கோபத்தோடு. அது இல்லாமல் அவள் எங்கும் வந்ததில்லை. கம்ப்யூட்டர் முதல் வருடத் தூங்குமூஞ்சி, அழுது வீங்கிய கண்ணோடு. கெமிக்கல் படிக்கும் ரிசர்வ், பாதி தின்ற பன்னோடு. ஸ்டோர் அண்ணன், சாவிக்கொத்தோடு. கடைசியாக மெக்கானிக்கல் இரண்டாம் வருடம், ரிலேயில் மூன்றாவதாக ஓடுகிறவள், வெர்னியர் என்று பெயரெடுத்தவள், கையில் சாக்பீஸோடு.

அந்தச் சாக்பீஸை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். அன்று அவள் செய்த முட்டாள்தனங்களில் அது இரண்டாவது. முதலாவதை அரை மணி நேரத்துக்கு முன்பே செய்து முடித்திருந்தாள், ஆனால் அது அவளுக்கு இன்னும் தெரியாது.

இடம், மைதானத்துப் படிவரிசைகளுக்கு அடியில் இருக்கும் விளையாட்டுச் சாமான் அறை. கூரை சரிவாக இறங்கும். கேப்டன் நாலு வருடமாகத் தினமும் ஒரு முறை அதில் தலையை இடித்துக்கொள்கிறாள். இரண்டு தடைதாண்டும் சட்டங்களின் மேல் டிராயிங் போர்டை வைத்தால் மேஜை. உயரம் தாண்டும் மெத்தை சோபா. காகிதம் பறக்காமல் இருக்கக் குண்டு எறிகிற குண்டு. காலைப் பயிற்சி ஏழரைக்கு முடியும், வகுப்பு ஒன்பதுக்குத் தொடங்கும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம் அங்கே அசைன்மென்ட் எழுதப்படும், ரெக்கார்டு நோட்டு காப்பியடிக்கப்படும், ஒருத்தி மட்டும் தூங்குவாள். சுவரில் ஐந்து ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கு மேலும் கேப்டன் அச்சு மாதிரி எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டு. மூன்றாவது ஆணியில் ‘வெர்னியர்’.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் அளக்கும் கருவியின் பெயரை ஒருத்திக்கு வைக்கிறார்கள் என்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லத் தேவையில்லை. சட்டைப் பையில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு திரிந்தாள். விடுதி டீயில் போடும் சர்க்கரைக் கட்டியைக்கூட அளந்திருக்கிறாள். யாரும் கேட்காதபோது அளவைச் சொல்வாள்.

இந்த ஆணி கிடைக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடம் வகுப்பில் அவள் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’, மைதானத்தில் ‘படிப்ஸ்’. இரண்டுமே அவளைப் பற்றிய உயர்ந்த அபிப்பிராயங்கள்தான். உண்மையில் வகுப்பில் ஓட்டக்காரி மாதிரி படித்தாள், மைதானத்தில் இன்ஜினியர் மாதிரி ஓடினாள். விடுதியில் உடனிருந்தவள் காலை ஐந்து மணி அலாரத்துக்கு எதிராக வார்டனிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். புகாரில் ஒற்றுப்பிழை இல்லை, காற்புள்ளிகூடச் சரியாக இருந்தது. பேச ஆளில்லாத நாட்களில், வார்டன் தந்த அதன் நகலைத்தான் வெர்னியர் எடுத்து எடுத்துப் படித்தாள்.

பிறகு ஒரு மழைநாளில் இந்த அறைக்குள் ஒதுங்கினாள். கேப்டன் தலையை இடித்துக்கொண்டு, “உள்ள வர்றதுன்னா வா, இல்ல கதவைச் சாத்து, டிராயிங் நனையுது” என்றாள். உள்ளே வந்தாள். அவ்வளவுதான்.

ஆனால் ஆணிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விளையாட்டுச் சலுகையில் சீட்டு வாங்கியவர்கள் வருடக் கடைசியில் தேறாத பாடம் என்று ஒரு அரியர் வைத்திருந்தாலும் கல்லூரிப் பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவளிடம் ஒன்று இருந்தது, ஒர்க்ஷாப். போன செமஸ்டரில் அந்தப் பரீட்சையன்று அவள் வேறொரு ஊரில் ஓடிக்கொண்டிருந்தாள், அதிலும் ஆறாவதாக. மறுவாய்ப்பு இன்று. காலையில் லேத்தில் ஒரு வேலை. நாளை காலை ஒன்பது மணிக்கு ஃபோர்மேனிடம் வைவா, வாய்மொழிப் பரீட்சை. இதே நாளில்தான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. பதினோரு மணிக்கு ரிலே தகுதிச் சுற்று, மூன்று மணிக்கு இறுதி.

காலையில் ஒர்க்ஷாப் வாசலில் ஃபோர்மேன் வழக்கம்போல நின்றார்.

“பூட்ஸ் இல்லாம என் ஷெட்டுக்குள்ள கால் வைக்காதே.”

“இருக்கு சார், போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“அது பூட்ஸா? நீ அதுக்குள்ள குடியிருக்கே.”

தப்பில்லை. முனையில் இரும்பு வைத்த பாதுகாப்புப் பூட்ஸ் அலமாரியில் ஒன்பதாம் நம்பருக்குக் கீழே கிடையாது. பெண்கள் லேத் ஓட்ட வருவார்கள் என்று அதை வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். அவள் கால் ஐந்து. மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டை முனையில் திணித்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டால் நடக்கலாம். ஓடக்கூடாது.

பத்தே முக்காலுக்கு வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டு அவள் ஓடினாள். ஒர்க்ஷாப்பிலிருந்து மைதானம்வரை தடதடவென்று, வழியில் நின்ற ஒரு பேராசிரியர் லாரி வருகிறதென்று ஒதுங்கும் அளவுக்கு. அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ இருந்த பையைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனபோது, வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேப் ஒட்டணும்னா இப்பவே ஒட்டும்மா. ரெண்டு நிமிஷத்துல துப்பாக்கி.”

ரிலேயில் கோலை வாங்குகிறவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட முடியாது. அதனால் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் இத்தனை காலடி என்று குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடிவைத்து அளந்து, தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவைப்பாள். கோலோடு வருகிறவள் அந்த டேப்பைத் தொட்டதும் இவள் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும். பின்னால் ‘கை!’ என்று குரல் வரும். கையை நீட்டினால் கோல் அதில் இருக்கும். தூங்குமூஞ்சிக்கும் அவளுக்கும் இருபத்திநாலு காலடி. மூன்று மாதமாக அதே இருபத்திநாலு, ஒரு நாளும் பிசகியதில்லை.

எண்ணி இருபத்திநாலு வைத்தாள். டேப்பை ஒட்டினாள். புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ஸ்பைக்கை மாட்டினாள். துப்பாக்கி வெடித்தது.

தூங்குமூஞ்சி டேப்பைத் தொட்டதும் வெர்னியர் கிளம்பினாள். ‘கை!’ வரவில்லை. ஐந்து மீட்டர், பத்து மீட்டர், பதினைந்து. பின்னால் ‘அக்கா! அக்கா! நில்லுக்கா!’ என்று ஒரு கதறல்தான் வந்தது. கோல் மாற்றும் பகுதியின் கடைசிக் கோடு எதிரே வந்துவிட்டது. அவள் பிரேக் போட்டு ஏறக்குறைய நின்றேவிட்டாள். கோல் அவள் முதுகில் இடித்து, முழங்கையில் பட்டு, எப்படியோ கைக்கு வந்தது. நாலாவதாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃபியூஸ் திட்டிக்கொண்டே ஓடி மூன்றாவதாக முடித்தாள். நேரக் கணக்கில் கடைசி அணியாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். பிறகு கோச் எல்லோரையும் சாமான் அறைக்குக் கூப்பிட்டார்.

“எத்தனை காலடி வச்சே?” என்றார் கோச்.

“இருபத்திநாலு மேடம்.”

“எண்ணினியா?”

“ரெண்டு தடவை.”

ஃபியூஸ் கத்தினாள். “அப்ப ஏன் மேடம் இவ அங்க நிறுத்தத்துல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னா? எனக்குப் பக்கத்துல நின்னவ சிரிக்கிறா!”

“நான் உயிரைக் குடுத்து ஓடினேன்,” என்றாள் தூங்குமூஞ்சி. “அக்கா போய்க்கிட்டே இருக்காங்க. பிடிக்கவே முடியல.”

அப்போதுதான் வெர்னியர் சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் ஒரு கோடு போட்டாள். “அதே ஆளு. அதே இருபத்திநாலு. நான் கிளம்பினதும் கரெக்ட். அப்ப மாறினது ஒண்ணே ஒண்ணுதான்” என்று ஆரம்பித்து, தூரத்தை நேரத்தால் வகுத்து, தூங்குமூஞ்சி வழக்கமாக நொடிக்கு எட்டு மீட்டர் வருகிறவள் இன்று ஏழேகால்தான் வந்திருக்கிறாள் என்று நிரூபித்தாள். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. யாரும் கேட்காத நிரூபணம். பரீட்சையில் இப்படி ஒரு கணக்கைக்கூட முழுசாக முடித்தவள் இல்லை.

“ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?” என்று கோச் தூங்குமூஞ்சியைக் கேட்டார்.

“ஒம்பது மேடம்.”

“எழுந்தது?”

“எட்டு.”

ஸ்டோர் அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றினார். கோச் சிரிக்கவில்லை. “சரி. மூணு மணிக்கு ரெண்டாவது ஓட்டம் ரிசர்வ். நீ உக்காரு.”

ரிசர்வுக்குப் பன் விக்கியது. தூங்குமூஞ்சி கரும்பலகையைப் பார்த்தாள், பிறகு வெர்னியரைப் பார்த்தாள். “எனக்கு ஃபிசிக்ஸ் வராதுக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வெர்னியர் பையை அடுக்கினாள். ஸ்பைக்கை உள்ளே வைத்தாள், பூட்ஸை அதன்மேல் வைத்தாள், ஜிப் மூடவில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஸ்பைக்கை எடுத்துப் பூட்ஸுக்குள் நுழைத்தாள். அது முழுசாக உள்ளே போய்விட்டது. பெட்டிக்குள் போட்ட சோப்பு மாதிரி உள்ளே உருண்டது.

இரண்டையும் வெளியே எடுத்துத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சட்டைப் பையில் இருந்த வெர்னியர் ஒரு சாண்கூட இல்லை, பூட்ஸை அளக்க உதவவில்லை. சரித்திரத்தில் ஒரே ஒரு நாள் அந்தக் கருவி தேவைப்பட்டது, அன்றைக்கு அது நீளம் போதவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்தாள். ஸ்பைக் இருபத்திநாலு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். பூட்ஸ் முப்பத்தொன்று புள்ளி மூன்று. வித்தியாசம் ஏழு புள்ளி ஒன்று. அதை இருபத்திநாலால் பெருக்கினால் நூற்று எழுபது புள்ளி நான்கு. தசமத்தைக்கூட விடவில்லை. அவளைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்தாலும் அவ்வளவு நீளம் வர மாட்டாள். அவ்வளவு தூரம் தள்ளி டேப்பை ஒட்டிவிட்டு, அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட்டு, பிடிக்க முடியாதவளைச் சோம்பேறி என்று கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறாள்.

உலகத்தில் எத்தனையோ பேர் ரிலே ஓடுகிறார்கள், எத்தனையோ பேர் லேத் ஓட்டுகிறார்கள். லேத் பூட்ஸால் ரிலே அளந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மெத்தையில் உட்கார்ந்து யோசித்தாள். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. இறுதிச் சுற்றுக்கு ஸ்பைக்கோடு அளந்து ஒட்டலாம். ரிசர்வ் வருவாள், கோல் கைக்கு வரும், எல்லாம் சரியாகப் போகும். சரியாகப் போகப் போக, தூங்குமூஞ்சிதான் காரணம் என்பதும் உறுதியாகிக்கொண்டே போகும். கேடுகெட்ட திட்டம். ஆனால் அதில் ஓட்டை எதுவும் இல்லை. அவள் போட்ட திட்டங்களிலேயே ஓட்டையில்லாதது அது ஒன்றுதான்.

போன் அடித்தது. அப்பா. தையல் கடையில் மெஷின் சத்தம் கேட்டது.

“என்னம்மா, ஓடினியா?”

“ஓடினேன்ப்பா. ரொம்பவே ஓடிட்டேன். அப்பா, ஒருத்தர் சட்டையை நீங்க தப்பா வெட்டிட்டா என்ன சொல்லுவீங்க?”

“அளவு குடுத்த அப்புறம் நீங்க கொஞ்சம் குண்டாயிட்டீங்க சார்னு சொல்லுவேன்,” என்றார் அப்பா, யோசிக்காமல்.

“நம்புவாங்களா?”

“நம்புவாங்க. யாருக்கு அந்த சந்தேகம் இல்ல?”

பின்னாலிருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. “நம்புவாங்க, நம்புவாங்க. ஆனா திரும்பி வர மாட்டாங்க. அதையும் சொல்லுங்க அவகிட்ட.”

“உங்கம்மாவுக்கு வியாபாரம் தெரியாது,” என்றார் அப்பா.

வெர்னியர் போனை வைத்தாள். ஒரு கையில் பூட்ஸ், ஒரு கையில் ஸ்பைக், மீன் வாங்கி வருகிறவள் மாதிரி இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குழாயடி நிழலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் விழித்திருந்ததே விபரீதமாக இருந்தது.

“மேடம், அவ சரியாத்தான் ஓடினா. நான் டேப்பை இதால அளந்துட்டேன்.”

பூட்ஸைக் கோச்சின் காலடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது கேப்டனுக்கு. அவள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அழறியா?” என்றாள் ஃபியூஸ்.

“இல்லடி. இவ பூட்ஸைப் போட்டுக்கிட்டு அளந்திருக்கா. ஒம்பதாம் நம்பர் பூட்ஸை!”

ஃபியூஸ் எழுந்துவிட்டாள். “சர்க்கரைக் கட்டியை அளக்கத் தெரியுது, சொந்தக் காலைக் குனிஞ்சு பார்க்கத் தெரியல? வெர்னியராம்! உனக்குப் போய் அந்தப் பேர் வச்சேன் பாரு!”

“பேரை மாத்திடலாம்,” என்றாள் ரிசர்வ் வாய் நிறையச் சோற்றோடு. “பூட்ஸு.”

“அந்த ரெட்டைக் கோடு வேற போட்டியே,” என்றாள் கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தூங்குமூஞ்சி சிரிக்கவில்லை. எழுந்து வந்து பூட்ஸைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். “அப்ப எனக்கு ஏழேகால் இல்லையா?”

“இல்ல. எட்டு. எட்டுக்கு மேலேயே இருக்கும்.”

“போர்டுல அழிச்சுடுங்க.”

“அழிச்சுடறேன்.”

“இப்பவே.”

அழித்துவிட்டு வந்தபோது கோச் முடிவெடுத்திருந்தார். “ரெண்டாவது இவளே ஓடட்டும். மூணாவது ரிசர்வ்.”

வெர்னியர் தலையாட்டினாள்.

“உண்மையைச் சொன்னதுக்காக ஓட விடுவேன்னு நெனச்சியா?”

“கொஞ்சம் நெனச்சேன் மேடம்.”

“உன் தலைக்குள்ள இன்னும் லேத் சுத்திக்கிட்டிருக்கு. அதோட வளைவுல ஓட முடியாது. எல்லாருடைய டிரெஸ் பையையும் எடுத்துக்கோ. அப்புறம் அந்த டேப்பைத் தொடாதே.”

மூன்று மணிக்கு நாலு பைகளைச் சுமந்துகொண்டு கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். கேப்டன் சீறிக் கிளம்பினாள். தூங்குமூஞ்சி காற்று மாதிரி வந்தாள். ரிசர்வ் வாங்கினாள், ஃபியூஸுக்குக் கொடுத்தாள், மூன்றாவது இடம். பலகையில் நேரம் போட்டார்கள். வெர்னியர் அந்த அணியில் ஓடிய எல்லா நேரங்களும் அவளுக்கு மனப்பாடம். இது அவை எல்லாவற்றையும்விட நொடியில் பத்தில் நாலு பங்கு குறைவு. அவள் இல்லாமல் அணி வேகமாக ஓடுகிறது. கை தட்டினாள். நாலு பையோடு கை தட்டுவது சுலபமில்லை.

பதக்கம் வாங்கிக்கொண்டு அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது சாமான் அறைக்குள் போனாள். நாளைக்கு வைவாவில் தோற்றால் பனியனைக் கல்லூரி திருப்பிக் கேட்கும். அதற்கு முன் தானே எடுத்துக்கொண்டு போவது கௌரவம் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுடைய கௌரவ உணர்ச்சி எப்போதும் இப்படித்தான், யாரும் இல்லாத நேரத்தில் பொங்கும். ஆணியிலிருந்து துண்டையும் பனியனையும் எடுத்தாள். பெயர்ச்சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். சிவில்காரி ஒட்டியது, வரவில்லை. மூலையில் கொஞ்சம் மட்டும் கிழிந்து, ‘வெர்னிய’ என்று நின்றது.

“என்ன பண்றே?” என்றது கேப்டனின் குரல். கூடவே ‘டங்’ என்று தலை இடிக்கும் சத்தம். “ஆ! தினமும் இது. கேட்டேனே, என்ன பண்றே?”

“நேரத்தைப் பார்த்தீங்கள்ல? ரிசர்வே ஓடட்டும் அக்கா. நாலு பத்து குறைஞ்சிருக்கு.”

“அய்யோ எனக்கு வேணாம்!” ரிசர்வ் மெத்தையில் குப்புற விழுந்தாள். “அந்த வளைவுல சோறு நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. எனக்கு ரிசர்வ் வேலைதான் சரி. உக்கார்ந்து சாப்பிடலாம்.”

“நாலு பத்து குறைஞ்சது ஏன்னு நான் சொல்றேன்,” என்றாள் ஃபியூஸ். “காலையில இருந்து உன்மேல இருந்த கடுப்பு எல்லாத்தையும் ஓடியே தீத்தேன். அடுத்த மீட்லயும் ஏதாவது பண்ணு, முதல் எடம் வந்துடலாம்.”

வெர்னியர் தூங்குமூஞ்சியைப் பார்த்தாள்.

“நான் கோவமாத்தான் இருக்கேன்கா,” என்றாள் அவள். “ரெண்டு நாள் இருப்பேன். திங்கக்கிழமை பிராக்டிஸுக்கு வந்துடுங்க. டேப் ஒட்டும்போது உங்க காலை நான் பார்ப்பேன்.”

“அதுக்கு முதல்ல இவ வைவா பாஸாகணும்,” என்றாள் கேப்டன். “எத்தனை கேள்வி குடுத்திருக்கார் உங்க ஃபோர்மேன்?”

“அறுபது.”

“எத்தனை தெரியும்?”

“...பதினொண்ணு.”

கேப்டன், வாசலில் நின்ற ஸ்டோர் அண்ணனிடம் கையை நீட்டினாள். அவர் ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார், இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி.

“உன்னை வெளிய விட்டா நேரா டிராக்குக்குப் போய் அந்த டேப்பை அளந்துக்கிட்டிருப்பே. எனக்குத் தெரியும். உக்காரு இங்கேயே. ராத்திரி ஏழரைக்கு வருவோம். அம்பது சொல்லணும்.”

“நாப்பத்தஞ்சு போதும்கா, பாஸ் மார்க்கு…”

“அம்பது!”

ஃபியூஸ் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ரிசர்வ் வைவா நோட்டை டிராயிங் போர்டில் விரித்து, குண்டைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். தூங்குமூஞ்சி பூட்ஸின் இரண்டு கயிற்றையும் முடிச்சுப் போட்டு, கிழிந்த பெயர்ச்சீட்டுக்குக் கீழே மூன்றாவது ஆணியில் மாட்டினாள்.

“சாப்பிட என்னக்கா?” என்றாள் வெர்னியர்.

“ஒரு பன் இருந்துச்சு,” என்றாள் ரிசர்வ். “இருந்துச்சு.”

கேப்டன் வாசலில் குனிந்து, இந்த முறை இடித்துக்கொள்ளாமல், வெளியே போய்த் திரும்பினாள். “ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அளக்குறதுக்கு முன்னாடி கருவியில என்ன பார்க்கணும்?”

“ஜீரோ எரர். கருவியிலேயே கோளாறு இருக்கான்னு.”

“அதை எப்படிப் பார்க்கணும்?”

“குனிஞ்சு.”

வெளியே நாலு பேரும் சிரித்தார்கள், தூங்குமூஞ்சியும் சேர்த்து. பிறகு கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு சுற்று, இரண்டு சுற்று. வெர்னியர் எண்ணினாள்.